நல்லவங்களாப் பார்த்து

"நேத்துதான் போயிடுச்சும்மா" என்று சொல்லிவிட்டுத்தான் நான் நிமிர்ந்தேன். அதற்கு முன் நான் பார்த்தது மேசைக் கண்ணாடியின் மேல் வந்து ஊன்றிய ஒரு கையை மட்டும்தான். ஆஸ்பத்திரியிலிருந்து ஐந்து நிமிட நடையில், தரைத்தளத்தில், இரண்டு அறை வீடு என்று ஜன்னலில் ஒட்டியிருக்கிறதே, அது இன்னும் இருக்கிறதா என்று முகக்கவசத்துக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. நான் ஏதோ ஒரு படிவத்தில் தேதி போட்டுக்கொண்டிருந்தேன். கை தெரிந்தது. கையின் நிறம் தெரிந்தது. என் கையின் அதே நிறம். வாய் தன் பாட்டுக்குப் பதில் சொல்லிவிட்டது.

நிமிர்ந்தால் நிற்பவள் என் தம்பி மனைவி. ஏழு மாத வயிறு. ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ராத்திரிப் பணி முடித்து நேராக வந்திருக்கிறாள் போல, கண் சிவந்திருந்தது. முகக்கவசத்தைக் கழுத்துக்கு இறக்கினாள். இந்த வீட்டுத் தரகு அலுவலகத்தில் நான் வேலை செய்வது அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான், யாரோ ஒரு வாடிக்கையாளர் மாதிரி வரிசையில் நின்று வந்திருக்கிறாள்.

"நேத்து போன வீட்டுக்குச் சாவி ஏன் அண்ணி இன்னும் தொங்குது?" என்றாள். சண்டைக் குரல் இல்லை. என் முதுகுக்குப் பின்னால் இருந்த பலகையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். அதில் எண்பத்து நான்கு கொக்கிகள். காலி வீடுகளின் சாவி இடப்பக்கம், ஆள் இருக்கும் வீடுகளின் மாற்றுச்சாவி வலப்பக்கம். ஒவ்வொன்றிலும் தெருப் பெயர் எழுதிய அட்டை. அவள் கேட்ட வீட்டின் சாவி, மூன்றாவது வரிசையில், சாவகாசமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"அது... எடுத்து வைக்க மறந்துட்டேன்மா."

"அதுல என்ன நீல நூல்?"

"பழைய அடையாளம். ஒண்ணுமில்ல."

"எங்க லேப்ல ரத்தம் எடுக்கற டியூப்புக்கு ஊதா மூடின்னா ஒரு டெஸ்ட், சிவப்பு மூடின்னா வேற டெஸ்ட். சும்மா யாரும் கலர் வைக்க மாட்டாங்க அண்ணி" என்றாள். பிறகு பலகையை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தாள். அவள் எண்ணுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. "நாங்க கேட்டு இல்லேன்னு ஆனதுல இது இருபதாவது வீடு. பரவாயில்ல. நான் வரேன்."

அவள் போன பிறகு அந்தப் படிவத்தில் நான் தேதியைத் தப்பாகப் போட்டிருந்ததைக் கண்டுபிடித்தேன். கிழித்துவிட்டு வேறு எழுதினேன்.

அவர்கள் இப்போது இருக்கும் கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள். சுவரில் அறிவிப்பு ஒட்டியாகிவிட்டது. மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும், அதாவது இன்னும் பதினெட்டு நாள். தம்பி லிப்ட் மெக்கானிக். இந்த ஊரின் நல்ல நல்ல கட்டடங்களின் லிப்டெல்லாம் அவன் கைபட்டுத்தான் ஓடுகிறது. "லிப்டை ஏத்தி இறக்க நான் வேணும், அதுல ஏறி என் வீட்டுக்குப் போக மட்டும் கூடாதாம்" என்று அவனே சிரிப்பான். ஒரு மாதமாக என்னைக் கேட்டுக்கொண்டிருந்தான், உங்க ஆபீஸ்ல ஏதாவது வருதா அக்கா என்று. ஒண்ணும் வரலடா என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். வராமல் என்ன? வாரத்துக்கு நான்கு வந்தது. அவனுக்கு வீடு இல்லை என்று சொல்வதைவிட, இருக்கிற வீட்டை அவனுக்குக் காட்ட முடியாது என்று சொல்வதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அதனால் சுலபமான பொய்யைச் சொன்னேன்.

நூலின் கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் இந்த வேலைக்கு வந்ததே போன் வழியாகத்தான். அப்பா காலத்தில் வந்து இறங்கிய குடும்பம் என்றாலும் நான் பிறந்தது இங்கே, படித்தது இங்கே. இந்த ஊர்ப் பேச்சு எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. போனில் எனக்கு நிறம் கிடையாது. முதலாளியம்மா பத்து நிமிடம் பேசிவிட்டு நாளைக்கே வா என்று சொல்லிவிட்டார். மறுநாள் நேரில் போய் நின்றபோது அவர் முகம் ஒரு விநாடி எங்கோ போய்த் திரும்பி வந்தது. ஆனால் திருப்பி அனுப்பவில்லை. அதற்காக நான் வருடக்கணக்கில் நன்றியோடு இருந்தேன். கொஞ்ச நாள் கழித்துத்தான் புரிந்தது, முன் மேசையில் நான் உட்கார்ந்திருக்கும்வரை இந்த அலுவலகத்தை யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது. அந்த அலுவலகத்தின் கண்துடைப்பே நான்தான்.

முதல் நாளே சாவிப் பலகையைக் காட்டி, "நீல நூல் கட்டியிருந்தா மட்டும் கொஞ்சம் பார்த்துக் குடு" என்றார். எதைப் பார்த்து என்று கேட்டேன். "ஆளைப் பார்த்து" என்றார். அவ்வளவுதான். அதற்கப்புறம் பதினோரு வருடத்தில் அந்தப் பேச்சே எங்களுக்குள் வரவில்லை. நிறம் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. எழுத்தில் எதுவும் இருக்கக் கூடாது, அதனால் நூல். யாராவது அதிகாரி வந்து கேட்டால் திரை தைத்த நூல் மிச்சம் என்று சொல்லிவிடலாம். உண்மையிலேயே அது திரை தைத்த நூலின் மிச்சம்தான்.

ஆரம்பத்தில் எந்தச் சாவிக்கு நூல் என்று அவர் கண்ணைக் காட்டுவார், நான் கட்டுவேன். பிறகு கண்ணைக் காட்டத் தேவைப்படவில்லை. வீட்டுக்காரரின் தெரு, அவர் போட்டிருக்கும் சட்டை, என்னைப் பார்த்ததும் பையை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றிக்கொள்ளும் விதம், இதையெல்லாம் வைத்து நானே முடிவு செய்தேன். கோடாலிக்குக் காம்பு மரத்திலிருந்துதான் வரும் என்பார்கள். நான் நல்ல வைரம் பாய்ந்த காம்பாக இருந்தேன். கேட்டு வருகிறவர்களிடம் 'நேத்துதான் போயிடுச்சு' என்று சொல்வதில் நயமான குரல்கூட வைத்திருந்தேன், வருத்தம் கலந்த குரல். அவர்களும் நம்ப மாட்டார்கள். நம்பாமல் நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். என் முகத்தைப் பார்த்த பிறகு அவர்களால் கோபப்படக்கூட முடியாது. அதுதான் எல்லாவற்றையும்விட மோசம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அதை நிம்மதி என்று நினைத்தேன்.

தம்பி மனைவி கேட்ட வீடு ஒரு மருந்துக்கடைக்காரருடையது. கடையை விற்றுவிட்டு ஓய்வாக மாடியில் இருக்கிறார், கீழ்ப்பகுதியை வாடகைக்கு விடுகிறார். தங்கமான மனுஷர். என் முழங்கால் வலிக்கு என்ன தைலம் தேய்க்க வேண்டும் என்று ஒருமுறை தாளில் எழுதிக் கொடுத்தார். எப்போது வந்தாலும் எழுந்து நின்று பேசுகிறவர். எட்டு வருடத்துக்கு முன் முதன்முதலில் அவர் சாவியைக் கொண்டு வந்து கொடுத்தபோது முதலாளியம்மா, நிபந்தனை ஏதும் உண்டா என்று கேட்டார். அவர் கொஞ்சம் யோசித்து, "அதெல்லாம் ஒண்ணுமில்ல. நல்லவங்களாப் பார்த்துக் குடுங்க" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார், என்னையும் பார்த்துத்தான் சொன்னார். அவர் வாசற்படி இறங்குவதற்குள் நான் நூலைக் கட்டி முடித்துவிட்டேன். யாரும் கண்ணைக் காட்டவில்லை. நல்லவங்க என்று ஒருவர் சொன்னால் அதில் நான் கிடையாது என்று என் கைக்கே தெரிந்திருந்தது.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் தம்பி மனைவியிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. 'உங்க தம்பிகிட்ட எதுவும் சொல்லல. உங்களுக்காக இல்ல, அவருக்காக.' அதைப் பத்துத் தடவை படித்திருப்பேன். ஞாயிறு முழுக்க நான் வீட்டில் எதையோ தேய்த்துக்கொண்டும் துடைத்துக்கொண்டும் இருந்ததைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர் என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னேன். அவர் பஸ் ஓட்டுகிறவர், அதிகம் பேச மாட்டார். "வேலை முக்கியமா தம்பி முக்கியமான்னு நான் கேக்க மாட்டேன். கேட்டா நீ ரெண்டையும் விட்டுட்டு என்கூடச் சண்டைக்கு வருவ" என்றார். பிறகு, "அந்த மருந்துக்கடைக்காரர் நிஜமா அப்படிச் சொன்னாரா?" என்று கேட்டார். "சொல்லல" என்றேன். "அப்ப யாருதான் சொன்னது?" என்றார். அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது.

யார்தான் சொன்னது? வீட்டுக்காரரைக் கேட்டால் தெருக்காரர்கள் என்பார். தெருக்காரர்களைக் கேட்டால் எங்களுக்கு ஒன்றுமில்லை, வீட்டுக்காரர் இஷ்டம் என்பார்கள். தரகர் நடுவில் நின்று, சொன்னதைச் செய்கிறவர்கள் நாங்கள் என்பார். சொன்னவர் ஒருத்தரும் இல்லை. ஆனால் இருபது வீடு என் தம்பிக்கு மூடியிருக்கிறது. எனக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்த கோபம் இத்தனை வருடத்தில் வந்ததில்லை. அதில் பாதி என் மேலேயே இருந்தது. அதனால் கோபம் ஒன்றும் குறையவில்லை.

திங்கட்கிழமை அரை மணி முன்னதாகப் போய்க் கதவைத் திறந்தேன். நூல் கட்டிய சாவிகளையெல்லாம் பலகையிலிருந்து கழற்றி மேசையில் பரப்பினேன். முப்பத்தொன்று. பழைய அட்டைகளைப் பார்த்துத் தொலைபேசி எண்களை எடுத்தேன். ஒவ்வொருவரையும் கூப்பிட்டு ஒரே கேள்வியைக் கேட்பது என்று முடிவு. மழுப்பல் இல்லாத கேள்வி. "வணக்கம், வீட்டுத் தரகு அலுவலகத்திலிருந்து பேசறேன். உங்க வீட்டைக் கறுப்பா இருக்கறவங்களுக்குக் குடுக்கக் கூடாதுன்னு எங்ககிட்ட ஒரு குறிப்பு இருக்கு. அது நீங்க சொன்னதா?"

முதல் ஆள் கத்தினார். "யார் சொன்னது? என்னை என்னன்னு நினைச்சீங்க? நான் அப்படிப்பட்டவன் இல்ல."

"சந்தோஷம் சார். அப்ப அனுப்பலாமா?"

"அனுப்புங்க, எனக்கென்ன... பக்கத்து வீட்டுக்காரங்கதான் ஒரு மாதிரி."

"அவங்க நம்பர் இருந்தா குடுங்க சார். அவங்களையும் கேட்டுடறேன்."

போனை வைத்துவிட்டார். நான் நூலை அறுத்தேன்.

ஒரு அம்மா முழுசாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "இதையெல்லாம் என்கிட்ட ஏன் கேக்கறீங்க? என்னைச் சொல்ல வைக்காம இருக்கத்தானே உங்ககிட்ட சாவியைக் குடுத்தது" என்றார். பாவம், உண்மையைச் சொல்லிவிட்டார். இன்னொருவர், "உங்க குரலைக் கேட்டாலே நல்ல குடும்பத்துப் பொண்ணுன்னு தெரியுது. உங்களுக்குப் புரியாததா?" என்றார். "நல்லாப் புரியுது சார், நான் கறுப்புதான்" என்றேன். மறுமுனையில் இருமல் கேட்டது, பிறகு டொய்ங் என்று லைன் போய்விட்டது. எட்டு மாதமாகக் காலியாகக் கிடந்த ஒரு வீட்டின் சொந்தக்காரர், "நான் எப்பம்மா அப்படிச் சொன்னேன்? ஏன் ஒரு ஆளும் வரலைன்னு நான் மண்டையை உடைச்சிட்டிருக்கேன், நீங்க என்ன வேலை பண்ணி வச்சிருக்கீங்க!" என்று என்னைக் கிழித்துத் தோரணம் கட்டினார். அந்த நூல் நானாகக் கட்டியது. மன்னிப்புக் கேட்டேன். அந்தத் திட்டை வாங்கிக்கொள்வதற்கு எனக்கு வலிக்கவில்லை.

பன்னிரண்டாவதோ பதின்மூன்றாவதோ ஆள் மட்டும் நேராகச் சொன்னார். "ஆமா. நான்தான் சொன்னேன். வேணாம். என் வீடு, என் இஷ்டம்." அவர் மேல் எனக்குக் கிட்டத்தட்ட மரியாதையே வந்தது. சொன்னதை அப்படியே ஒரு வெள்ளை அட்டையில் எழுதினேன், ஒரு சொல் கூடாமல் குறையாமல். நூலுக்குப் பதிலாக அந்த அட்டையைச் சாவியில் கட்டி, வாசலில் நுழைகிறவர் கண்ணில் முதலில் படும் கொக்கியில் மாட்டினேன்.

முதலாளியம்மா வந்ததும் அதுதான் அவர் கண்ணிலும் பட்டது. கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் படித்தார். அட்டையைப் பிய்த்தார்.

"யாரைக் கேட்டு இதெல்லாம் பண்ணின?"

"அதைத்தான் காலையிலேர்ந்து நானும் ஒவ்வொருத்தரா கேட்டிட்டிருக்கேன்."

"விளையாடாத. எழுத்துல வந்துதுன்னா ஆபீசை இழுத்து மூடணும், தெரியுமில்ல?"

"அவரு சொன்னதைத்தானே எழுதினேன். நாம எதுவும் முடிவு பண்றதில்லைன்னு நீங்கதானே சொல்லுவீங்க."

அவர் நாற்காலியை இழுத்து என் எதிரில் உட்கார்ந்தார். குரலைத் தணித்தார். அவர் கெட்டவர் இல்லை. என் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இரண்டு வாரம் விடுப்புக் கொடுத்தவர். "இங்க பாரு. பதினோரு வருஷத்துல நான் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, யாரையாவது அப்படிச் சொல்லியிருக்கேனா? எனக்கு அந்தப் பேதமெல்லாம் இருந்தா உன்னை இங்க உக்கார வச்சிருப்பேனா?"

"சொல்லல. நீங்க எதையுமே சொன்னதில்ல."

"அந்த நூலைக் கட்டினது யாரு? யார் கை?"

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். என் கைதான். வேறு யார் கையும் இல்லை. நான் இல்லை என்று சொல்லவில்லை. "என் கைதான். அதான் எந்த முடிச்சை எங்க அவுக்கணும்னு எனக்குத் தெரியுது" என்றேன்.

அவர் எழுந்தார். "மதியத்துக்குள்ள எல்லாச் சாவியும் பழையபடி பலகைல இருக்கணும். இல்லேன்னா நாளைக்கு நீ வர வேணாம்" என்று சொல்லிவிட்டு உள் அறைக்குப் போனார். கதவைச் சாத்தினார். நான் மேசையைப் பார்த்தேன். இன்னும் பதினேழு சாவிகள் நூலோடு இருந்தன. அவற்றில் ஒன்று மருந்துக்கடைக்காரருடையது. வரிசைப்படி அவரை ஆறாவதாகக் கூப்பிட்டிருக்க வேண்டும். நான் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்திருந்தேன். யாரோ முகம் தெரியாதவர்கள் திட்டினால் துடைத்துப் போட்டுவிடலாம். தைலம் எழுதிக் கொடுத்தவர் வாயிலிருந்து அது வந்தால் எனக்குத் தாங்காது. இவரையாவது சந்தேகத்திலேயே விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். அப்புறம் அந்தப் பதினெட்டு நாள் ஞாபகம் வந்தது. அது இப்போது பதினாறு. மீதிப் பதினாறு சாவிகளின் நூலையும் கேட்காமலே அறுத்துப் பலகையில் மாட்டினேன். மருந்துக்கடைக்காரரின் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்து தம்பி மனைவிக்குப் போன் செய்தேன்.

"இப்ப வர முடியுமா? வீடு பார்க்கப் போறோம்."

"அந்த வீடா? அதான் நேத்தே போயிடுச்சே" என்றாள்.

எனக்கு வேண்டியதுதான். "போகல. நான்தான் பொய் சொன்னேன். மன்னிப்பெல்லாம் அப்புறம் நிதானமாக் கேக்கறேன், இப்ப வா."

"வீட்டுக்காரர் சரின்னுட்டாரா?"

"இன்னும் கேக்கல. கேக்கத்தான் போறோம்."

"அண்ணி, எல்லார் ரத்தமும் சிவப்புதான்னு அவர்கிட்டப் போய் ஆரம்பிச்சிடாதீங்க. தினம் நூறு பேர் ரத்தத்தைப் பார்க்கறேன். சிவப்புன்னு அவங்களுக்கும் தெரியும். தெரிஞ்சேதான் பண்றாங்க" என்றாள். ஆனால் வந்தாள். இருபது நிமிடத்தில், வேலை உடுப்பிலேயே, மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள்.

வீட்டைத் திறந்ததும் அவள் என்னை மறந்துவிட்டாள். குழாய்களையெல்லாம் திறந்து தண்ணீர் எவ்வளவு வேகமாக வருகிறது என்று பார்த்தாள். சுவரை விரல் முட்டியால் தட்டினாள். ஜன்னல்களைத் திறந்து, வெயில் எந்த அறையில் எதுவரை வருகிறது என்று பார்த்தாள். சமையலறையில் நின்று, அடுப்பிலிருந்து தொட்டிக்கு எத்தனை எட்டு என்று நடந்து பார்த்தாள். படுக்கையறையின் ஒரு மூலையில் போய் ரொம்ப நேரம் நின்றாள். "இங்க தொட்டில். இப்படித் திரும்பினா என் கைக்கு எட்டும்" என்றாள். சொன்ன பிறகு, சொல்லியிருக்கக் கூடாது என்று நினைத்தவள்போல உதட்டைக் கடித்துக்கொண்டாள். இருபது வீட்டு வாசலில் அவளுக்கு இப்படி எதையும் மனதில் வைக்கவே இடம் கிடைத்திருக்காது. இந்த வீடு அவளுக்குப் பிடித்துவிட்டது. எனக்கு அப்போதுதான் பயம் வந்தது.

மாடிப்படியில் நான் முன்னால் போனேன். மருந்துக்கடைக்காரர் கதவைத் திறந்து என்னைப் பார்த்து முகம் மலர்ந்தார். "வாங்கம்மா! முழங்கால் எப்படி இருக்கு? படியெல்லாம் ஏறலாமா நீங்க?" என்றார். பிறகுதான் எனக்குப் பின்னால் இருந்தவளைப் பார்த்தார். மலர்ச்சி போய்விடவில்லை. இருந்த இடத்திலேயே நின்றது.

"சார், இது என் தம்பி பொண்டாட்டி. பக்கத்து ஆஸ்பத்திரியிலதான் வேலை. தம்பி லிப்ட் மெக்கானிக். கீழ் வீடு வேணும்னு வந்திருக்கோம். அதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்." மூச்சை இழுத்துக்கொண்டேன். "எட்டு வருஷமா உங்க சாவில ஒரு நூல் இருந்துச்சு. எங்க நிறத்து ஆளுங்களுக்கு இந்த வீட்டைக் காட்டக் கூடாதுன்னு அதுக்கு அர்த்தம். நான்தான் கட்டினேன்."

அவர் முகத்தில் ரத்தம் ஏறியது. "நான் அப்படிச் சொல்லவே இல்லையேம்மா!"

"சொல்லல."

"நான் அப்படிப்பட்டவனா? உங்ககிட்ட எப்பவாவது வித்தியாசமா நடந்திருக்கேனா?"

"இல்ல சார்."

"பின்ன?" என்றார். அவர் தோள் இறங்கியது. நான் அவருக்கு ஒரு வழி திறந்து விட்டுவிட்டேன் என்று புரிந்தது. தப்பு தரகர் அலுவலகத்துடையது, அவர் சொல்லவில்லை, முடிந்தது. இன்னும் ஒரு நிமிடம் விட்டால் என்னைத் தேற்றவே ஆரம்பித்துவிடுவார், பரவாயில்லை விடுங்கம்மா என்று. நானும் அழுதுவிடுவேன். எல்லோரும் நல்லவர்களாகவே படியிறங்கலாம், வீடு மட்டும் கிடைக்காது.

"நல்லவங்களாப் பார்த்துக் குடுங்கன்னு சொன்னீங்க" என்றேன். "அந்த நல்லவங்கள்ல நாங்க உண்டா சார்? அன்னைக்கு நான் உங்களைக் கேட்டிருக்கணும். கேக்காம நானே கட்டிட்டேன். இன்னைக்குக் கேக்கறேன்."

அவர் தெருவைப் பார்த்தார். எதிர் வீட்டு ஜன்னலைப் பார்த்தார். "எட்டு வருஷத்துல மூணு குடும்பம் இந்த வீட்டுக்கு வந்துச்சு. ஒருத்தர்கூட எங்களை மாதிரி வரலையேன்னு உங்களுக்கு எப்பவாவது தோணியிருக்கா?" என்று கேட்டேன்.

"தோணல" என்றார். அதை மெதுவாகச் சொன்னார். பொய் இல்லை. அவர் பொய் சொல்கிறவர் இல்லை. பிறகு அவர் கண் தம்பி மனைவியின் வயிற்றில் பட்டது, பட்டதும் அவருக்குச் செய்வதற்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. "அடடா, இந்த நிலைமைல நிக்கறாங்களே. இருங்க, இருங்க" என்று உள்ளே ஓடினார். நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதைக் கதவுக்கு வெளியே, எங்களுக்கு முன்னால் போட்டு, தோளில் கிடந்த துண்டால் இரண்டு தடவை துடைத்தார். "முதல்ல உக்காரும்மா. உக்காந்து பேசலாம்."

உண்மையான அக்கறைதான் அது. இந்த மாதிரி ஒரு நாற்காலிக்காக நான் பதினோரு வருடமும் நன்றி சொல்லியிருப்பேன். என் முழங்கால்கூட அதைப் பார்த்துக் கொஞ்சம் மடங்கப் பார்த்தது.

தம்பி மனைவி உட்காரவில்லை. ராத்திரிப் பணி பார்த்த கால், செருப்பு வாரில் வீங்கிப் பிதுங்கியிருந்தது. ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டாள்.

"நாற்காலி வேண்டாம் சார். பதில் சொல்லுங்க. நின்னே கேட்டுக்கறேன்."

எதிர் வீட்டு ஜன்னலில் யாரோ வந்து நின்றார்கள். அவரும் பார்த்தார், நாங்களும் பார்த்தோம். நாங்கள் நகரவில்லை. அவரும் உள்ளே போகவில்லை, கதவையும் சாத்தவில்லை. துடைத்த நாற்காலி எங்கள் மூவருக்கும் நடுவில் காலியாக இருந்தது. அதன் முதுகை அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.